நீதிமன்றம் அனுப்பும் சமரசத்தில் எதைத் திறந்து சொல்வது, எதைக் காப்பது: புதிய சமரசர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வழக்கின் இரு தரப்பினரும் தாமே பேசித் தீர்வு காண உதவும் சமரசர்களாக, சமரச மையத்தின் பட்டியலில் புதிதாகச் சேர்பவர்கள் 40 மணி நேரப் பயிற்சியை முடித்து, பொறுமையாகக் கேட்கவும் பக்குவமாகக் கேள்வி எழுப்பவும் நன்கு பழகித்தான் வருகிறார்கள். அவர்கள் தடுமாறும் இடம் வேறு. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை மூன்றாம் அமர்வில் சொல்கிறார்கள். ஒருவரிடம் தனியாகக் கேட்டதை மற்றவரிடம் தெரியாமலே கசியவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிடுகிறார்கள். இவை மூன்றும் வரிசை தவறுவதால் வருபவை.

நடைமுறை பற்றிய எல்லாவற்றையும் பேச்சு தொடங்குவதற்கு முன் திறந்து சொல்லிவிட வேண்டும். பேச்சு தொடங்கிய பின் அதன் உள்ளடக்கத்தைக் காக்க வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் அமைந்தவை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீதிமன்றத்தின் பரிந்துரை ஆணை. இரு தரப்பினர், அவர்களுடைய வழக்கறிஞர்கள் ஆகியோரின் முழுப் பெயர்ப் பட்டியல். கையொப்பமிட்ட தொடர்பு அறிவிப்புப் படிவம். சமரசத்துக்கான ஒப்புதல் படிவம், அது தரப்பினர் படிக்கக்கூடிய மொழியில். தனி அமர்வுகளுக்கு ஆளுக்கொன்றாக இரண்டு வெவ்வேறு குறிப்பேடுகள். ஒரே குறிப்பேட்டில் இரு தரப்பின் பேச்சையும் எழுதினால், பக்கத்தைப் புரட்டும்போது எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணில் பட்டுவிடும்.

2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் (மத்தியஸ்தம் என்பதும் இங்கே சமரசம் என்பதும் ஒன்றே) பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படுவதால், எந்தப் பிரிவு அமலில் உள்ளது என்பதை மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தச் சட்டம் வகுத்திருக்கும் நெறிகளை அதற்காகக் காத்திராமல் இப்போதே பின்பற்றலாம். அவற்றில் பெரும்பாலானவை நீதிமன்றத் தீர்ப்புகளாலும் நல்ல நடைமுறையாலும் முன்பே நிலைபெற்றவை.

1. பரிந்துரை ஆணையைப் படித்து, வழக்கு தகுந்ததா என்று பாருங்கள்

ஆப்கான்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், எவ்வகை வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை, எவை ஏற்றவையல்ல என்று விளக்கமாகச் சொன்னது. பலர் சார்பாக ஒருவர் தொடுக்கும் வழக்குகள், தேர்தல் வழக்குகள், மோசடி, ஆவணப் புனைவு, ஆள்மாறாட்டம் போன்ற குறிப்பான கடும் குற்றச்சாட்டுகள் உள்ள வழக்குகள், சிறார்களுக்கு எதிரான கோரிக்கைகள் போல நீதிமன்றத்தின் பாதுகாப்பு தேவைப்படுபவை ஆகியவை பொதுவாக ஏற்றவையல்ல என்பது அந்தத் தீர்ப்பின் நிலை.

ஆணை வந்துவிட்டது என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். சில வேளைகளில் வழக்குரையில் இல்லாத போலிக் கையெழுத்துப் புகார் முதல் அமர்வில்தான் வெளிவரும். அப்போது தொடர்ந்து பேசிக்கொண்டே போவது, நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய ஒன்றை மூடிய அறைக்குள் புதைப்பதாக முடியலாம். தகுதியில்லை என்று தெரிந்தால் காரணத்தை விவரிக்காமல் வழக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12அ பிரிவின்கீழ் வரும் தரப்பினரைத் தனியாகக் கவனியுங்கள். அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குகளுக்கு, வழக்குத் தொடுக்கும் முன் சமரசம் கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பலர் பேசித் தீர்க்கும் எண்ணமின்றி, சடங்கை முடித்துச் சான்று வாங்கவே வருகிறார்கள். அதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. குற்றம் சாட்டும் தொனி மட்டும் வேண்டாம்.

2. உங்கள் தொடர்புகளைச் சரிபார்த்து எழுத்தில் அறிவியுங்கள்

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, நடுநிலைமையைப் பற்றி நியாயமான ஐயத்தை எழுப்பக்கூடிய தனிப்பட்ட, தொழில்சார்ந்த, பணம் சார்ந்த எந்தச் சூழ்நிலையையும் சமரசம் தொடங்கும் முன் எழுத்து மூலம் அறிவிக்கக் கோருகிறது. நடுவில் புதிதாகத் தெரியவந்தாலும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அதன் பின்னும் தொடரலாமா என்பதைத் தரப்பினர் முடிவு செய்வார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் அதையும் எழுத்தில் பெறுங்கள்.

புதியவர்கள் இங்கே வழக்குத் தரப்பினரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வழக்கறிஞர்களின் பெயரையும் பாருங்கள். ஒரே நீதிமன்ற வளாகத்தில் பல ஆண்டு பழகியவர்கள் நாம். முன்னாள் இளையவர், ஒரே அலுவலகத்தில் இருந்தவர், வேறு வழக்கில் இப்போது எதிரே நிற்பவர் என்று ஏதாவது ஓர் உறவு இருக்கத்தான் செய்யும். இவற்றில் பெரும்பாலானவை விலகிக்கொள்ளக் காரணமாகா, ஆனால் அறிவிக்கக் காரணமாகும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், வழக்குத் தரப்பினர் பார்ப்பது தாழ்வாரத்தில் நடப்பதை. நீங்கள் பிரதிவாதியின் வழக்கறிஞரோடு சிரித்துப் பேசிக்கொண்டே அறைக்குள் நுழைவதை, வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கும் வாதி பார்க்கிறார். அந்த வழக்கறிஞரைத் தெரியும் என்று முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் அது வெறும் அறிமுகம். சொல்லாமல் விட்டிருந்தால், பிறகு நீங்கள் வைக்கும் ஒவ்வொரு யோசனையையும் அவர் அந்தச் சிரிப்போடு சேர்த்தே எடைபோடுவார்.

3. எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்

ஆப்கான்ஸ் தீர்ப்பின்படி, தீர்ப்பு வழங்கும் நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பத் தரப்பினரின் சம்மதம் வேண்டும். சமரசத்துக்கு அனுப்ப அந்தச் சம்மதம் தேவையில்லை. எனவே உங்கள் எதிரே இருப்பவர் தானாக வந்தவர் அல்லர். நீதிபதி அனுப்பினார், வந்தார். நீதிமன்றம் அனுப்பியதாலேயே ஏதோ ஒரு முடிவுக்கு ஒத்துக்கொண்டாக வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வருவது கடமை, ஒத்துக்கொள்வது கடமையல்ல என்பதைத் தொடக்கவுரையின் முதல் வாக்கியங்களிலேயே சொல்லிவிடுங்கள். தீர்வு எட்டாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து அதே நீதிமன்றத்தில் தொடரும், ஒத்துக்கொள்ளாததற்காக நீதிபதி யாரையும் குறை காண மாட்டார், அடுத்த படியில் வரும் விதிவிலக்குகள் தவிர, இங்கே பேசியது அங்கே போகாது. இம்மூன்றையும் சொன்ன பிறகு, புரிந்ததா என்று மட்டும் கேட்காமல், அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டுவது மரியாதைக்கான தலையாட்டலாகவே பெரும்பாலும் இருக்கும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் நீதிபதி அல்லர், தீர்ப்புச் சொல்ல மாட்டீர்கள், யாருக்கும் சட்ட ஆலோசனை தர மாட்டீர்கள். நீதிமன்றத்தோடு இணைந்த மையத்தில் தரப்பினர் சமரசருக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழிச்செலவு, அன்பளிப்பு என்று எந்தப் பெயரிலும் எதையும் வாங்காதீர்கள். 2023ஆம் ஆண்டுச் சட்டம் சமரசத்தை 120 நாட்களில் முடிக்கவும், தரப்பினர் ஒத்துக்கொண்டால் மேலும் 60 நாட்கள் நீட்டிக்கவும் வகை செய்கிறது. பரிந்துரை ஆணையில் நீதிமன்றம் தனிக் கெடு குறித்திருந்தால் அதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்று தெரியாத பேச்சு, வழக்கை இழுத்தடிக்க விரும்பும் தரப்புக்கே சாதகமாகும்.

4. இரகசியத்தையும் அதன் எல்லையையும் சேர்த்தே விளக்குங்கள்

"இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது" என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லாதீர்கள், ஏனென்றால் அது முழு உண்மையல்ல. சட்டத்தின் பாதுகாப்பு சிலவற்றுக்குக் கிடையாது: குற்றம் செய்யப்போவதாக விடுக்கும் மிரட்டல் அல்லது திட்டம், குடும்ப வன்முறை அல்லது குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய தகவல், பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியாக வரக்கூடிய பெரும் ஆபத்தைக் காட்டும் பேச்சு.

விதிவிலக்குகளை முன்பே சொன்னால் மக்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று சில மூத்தவர்களே கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரகசியம் என்று நம்பி ஒருவர் சொல்லிவிட்ட பின், "இதை மட்டும் காக்க முடியாது" என்று அறிவிப்பது அவருக்குச் செய்யும் துரோகம். அதை ஒருமுறை அனுபவித்தவர் எந்த மையத்தின் படியையும் மறுபடி மிதிக்க மாட்டார்.

குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2019இல் பெர்ரி கன்சாகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் நலனை முடிவு செய்ய உதவும் மனநல ஆலோசகரின் அறிக்கைக்கு சமரசத்தின் இரகசியத் தடை பொருந்தாது என்று கூறியது. ஆகவே உங்கள் மையம் குழந்தையை ஆலோசகரிடம் அனுப்பினால், அங்கே பேசுவது வேறு கணக்கு என்பதைப் பெற்றோரிடம் முன்பே தெளிவாக்குங்கள்.

அமர்வை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்ய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. அந்தத் தடை உங்களுக்கும் சேர்த்துத்தான். எல்லோருடைய கைபேசியையும், உங்களுடையதையும் சேர்த்து, அணைத்து மேசையின் நடுவில் வைக்கச் செய்யுங்கள். காணொலி வழி அமர்வென்றால், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கேமராவுக்கு வெளியே அமர்ந்து சைகை காட்டும் உறவினர் அரிதானவர் அல்லர்.

5. தனி அமர்வு: கசிவு பெரும்பாலும் இங்கேதான்

தனி அமர்வுக்குப் போவதற்கு முன், கூட்டு அமர்வில் எல்லோரும் கேட்க மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். இருவரையும் தனியாகச் சந்திப்பீர்கள். ஒருவருக்கு நேரம் கூடினால் அதற்குப் பொருள் எதுவுமில்லை. சொல்பவரின் அனுமதி இன்றி எதையும் அடுத்தவரிடம் கொண்டுசெல்ல மாட்டீர்கள். வெளியே காத்திருப்பவருக்கு நேரம் மெதுவாகப் போகும். இதைச் சொல்லாமல் போனால், அந்த நேரத்தில் அவர் மனத்தில் ஒரு சதி முழுமையாக உருவாகிவிடும்.

தனி அமர்வின் முடிவில், எழுந்திருக்கும் முன், இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "நீங்கள் சொன்னவற்றில் எதை நான் அவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" பதிலைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் குறித்து, ஒருமுறை படித்துக்காட்டுங்கள். அனுமதி பற்றிப் பேச்சே வராத செய்தியை, அனுமதி இல்லாததாகவே கொள்ள வேண்டும்.

வாய்விட்டுச் சொல்வது மட்டும் கசிவாகாது. ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தன் பங்குக்கு ஈடாக 12 லட்சம் ரூபாய் கேட்கிறார். தனி அமர்வில், 9 லட்சம் வரை இறங்கலாம், ஆனால் தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். சமரசர் தம்பியின் அறைக்குப் போகிறார். தம்பி, "ஒன்பது என்றால் முடித்துவிடலாம், ஒத்துக்கொள்வாரா?" என்று கேட்கிறார். சமரசர் எதையும் வெளியிடவில்லை. "கேட்டுத்தான் பாருங்களேன்" என்று புன்னகையோடு சொல்கிறார். அவ்வளவுதான், எண் வெளியே போய்விட்டது.

இதைத் தவிர்க்க, எந்தத் தொகை சொல்லப்பட்டாலும் உங்கள் பதில் ஒன்றாகவே இருக்க வேண்டும். "அவர் என்ன சொல்வார் என்பதை நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன். இதை உங்கள் முன்மொழிவாக எடுத்துச் செல்லலாமா?" என்று கேளுங்கள். 5 லட்சம் என்றாலும் 9 லட்சம் என்றாலும் அதே சொற்கள், அதே முகம். உங்கள் பதில் தொகைக்கேற்ப மாறினால், கூர்மையான வழக்கறிஞர் ஒருவர் மூன்று எண்களைச் சொல்லிப் பார்த்தே எதிர்த்தரப்பின் எல்லையைக் கணித்துவிடுவார்.

இன்னொரு சிக்கல், ஒருவர் தனியாகச் சொல்வது மற்றவரின் முடிவையே மாற்றக்கூடியதாக இருப்பது. பிரிக்கப்போகும் நிலத்தின் மீது அடமானம் இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார், தம்பிக்கு அது தெரியாது. அதை நீங்களாக வெளியிட முடியாது. தெரிந்துகொண்டே ஒப்பந்தத்தை எழுதி முடிக்கவும் கூடாது. அண்ணனிடம் திரும்பிப் போய், இதை மறைத்து எழுதும் ஒப்பந்தம் மோசடி என்ற காரணத்தால் பிற்பாடு செல்லாமல் போகலாம் என்பதை விளக்கி, அவரே சொல்ல வழிவிடுங்கள். மறுத்தால், காரணம் கூறாமல் சமரசத்தை முடித்துக்கொள்ளுங்கள். இது கடினமான படி என்பதை அறிவேன், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

6. அச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்

குடும்ப வழக்குகளில், முதல் கூட்டு அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகச் சில நிமிடங்கள் சந்தியுங்கள். மற்றவர் முன் பேச அச்சமாக இருக்கிறதா, வீட்டுக்குப் போனபின் இன்றைய பேச்சுக்காக ஏதாவது நேருமா என்று நேராகக் கேளுங்கள். கூட்டு அமர்வில் கேட்டால் பதில் வராது, அதனால்தான் இந்த வரிசை.

அச்சம் தெரிந்தால் தனித்தனி நேரத்தில் வரவழைப்பது, தனி அறைகளில் மட்டும் பேசுவது, துணைக்கு ஒருவரை அனுமதிப்பது போன்ற வழிகள் உண்டு. இவை போதாத வழக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். "குடும்பம் சேர்ந்தால் நல்லதுதானே" என்ற எண்ணம் சமரசரின் எண்ணமாக இருக்கலாம். அதை ஒரு தரப்பின் பாதுகாப்புக்கு மேல் வைக்க அவருக்கு உரிமை இல்லை.

7. அழுத்தமாக மாறும் சொற்களை விலக்குங்கள்

"நீதிபதி இதைத்தான் விரும்புகிறார்", "இந்த வழக்கில் நீங்கள் ஜெயிக்க முடியாது", "இன்று கையெழுத்துப் போடாவிட்டால் பத்து வருஷம் அலைவீர்கள்." இம்மூன்றும் அன்றாடம் கேட்பவை. முதலாவது உங்களுக்குத் தெரியாத ஒன்று. இரண்டாவது சமரசரின் வேலையல்ல. மூன்றாவதில் கால தாமதம் என்ற உண்மை இருந்தாலும், அது மிரட்டலாகவே காதில் விழும்.

வழக்கின் பலவீனத்தை ஒருவர் உணர வேண்டுமென்றால் கேள்வியாகக் கேளுங்கள்: இந்த ரசீது இல்லாமல் இதை எப்படி நிரூபிப்பதாக இருக்கிறீர்கள், மேல்முறையீடு வரை போனால் செலவு என்ன ஆகும்? இதே அளவு கடினமான கேள்விகளை மற்ற தரப்பிடமும் கேட்டாக வேண்டும். தீர்வு எண்ணிக்கையை வைத்து மையத்தில் உங்கள் பெயர் பேசப்படலாம். அந்த எண்ணிக்கைக்காக யாருடைய கையையும் பேனாவை நோக்கித் தள்ளாதீர்கள்.

8. ஒப்பந்தத்தை எழுதும்போது மறைப்பு எதுவும் வேண்டாம்

ஒப்பந்தம் தரப்பினருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் சுருக்கமாகச் சொல்வது ஆபத்தான பழக்கம். ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்து, யார், எதை, எந்தத் தேதிக்குள், எப்படித் தருவார், தவறினால் என்ன என்பவை தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள். தரப்பினரே கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இடச் செய்யுங்கள்.

பொதுவாக விட்டுப்போகும் நான்கைச் சொல்கிறேன்.

சிறாரின் நலன் சம்பந்தப்பட்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் ஆணை 7ஆம் விதிப்படி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

வழக்கில் இல்லாத அசையாச் சொத்து ஒப்பந்தத்துக்குள் வந்தால், ஒப்பந்தத்தை ஏற்று நீதிமன்றம் வழங்கும் தீர்ப்பாணையைப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்ய வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன்பே இதைச் சொல்லாவிட்டால், எதிர்பாராத செலவு வந்து ஒப்பந்தமே முறியும்.

நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள், குறிப்பாகக் குற்றவியல் புகார்கள், என்ன ஆகும் என்பதை எழுதுங்கள். எந்தப் புகாரும் தானாக முடிந்துவிடும் என்று வாக்களிக்காதீர்கள்.

நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டத்தின் 69அ பிரிவு இதற்கு வழி செய்கிறது. இது இருவருக்கும் தெரிய வேண்டிய தகவல். சம்மதிக்க வைக்கும் தூண்டிலாக நீட்டக் கூடாது.

கையெழுத்துக்கு முன், வழக்கறிஞரிடமோ வீட்டாரிடமோ கலந்துபேச நேரம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் அடுத்த அமர்வு வரை காத்திருங்கள். ஓர் இரவு தாங்காத ஒப்பந்தம் நிறைவேற்றத்திலும் தாங்காது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்குத் தகாத விவகாரம் ஆகிய காரணங்களுக்காக ஒப்பந்தத்தை எதிர்க்க 90 நாள் அவகாசம் தருகிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

9. நீதிமன்றத்துக்கு அறிக்கை: கூடுதலாக ஒரு சொல்லும் வேண்டாம்

மோதி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. தீர்வு எட்டினால் ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும். எட்டாவிட்டால் சமரசம் வெற்றியடையவில்லை என்ற ஒரு வாக்கியம் மட்டும். யார் என்ன முன்மொழிந்தார், யார் மறுத்தார் என்பது அறிக்கையில் இடம்பெறக் கூடாது.

"பிரதிவாதி ஒத்துழைக்கவில்லை" என்ற வரி நேர்மையான தகவல் போலத் தோன்றும். ஆனால் அதே நீதிபதிதான் வழக்கைத் தொடர்ந்து விசாரிக்கப்போகிறார். ஒத்துக்கொள்வது கடமையல்ல என்று முதல் நாள் நீங்கள் கொடுத்த வாக்கை அந்த ஒரு வரி பொய்யாக்கிவிடும். தரப்பினர் வந்தார்களா, வரவில்லையா என்ற வருகை விவரத்தை மையத்தின் படிவம் கேட்டால் அதை மட்டும் நிரப்புங்கள். நீதிமன்ற ஊழியரோ வழக்கறிஞரோ வாய்மொழியாக விசாரித்தாலும் இதே எல்லைதான்.

10. முடிந்த பிறகு

உங்கள் குறிப்பேடுகளின் பக்கங்களை மையத்திலேயே கிழித்து அழித்துவிடுங்கள். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துச் செல்லாதீர்கள். தரப்பினர் தந்த ஆவண நகல்களைத் திருப்பிக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் இருவர் கையிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே விவகாரத்தில் பின்னர் நடுவராகவோ ஒரு தரப்பின் வழக்கறிஞராகவோ செயல்பட 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தரப்பினர் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு இடம் தந்தாலும், ஒத்துக்கொள்ளும்படி நீங்கள் கேட்காமல் இருப்பதே முறை. சாட்சியாக அழைக்கவும் அதே பிரிவு தடையாக நிற்கிறது. யாராவது அழைப்பாணை அனுப்பினால், அதை அலட்சியம் செய்யாமல் உடனே மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்து, சமரசராக இருந்ததால் சாட்சியம் அளிக்க இயலாது என்பதை நீதிமன்றத்துக்கு எழுத்தில் அளியுங்கள். அந்த மனுவிலும் வழக்கு எண், நீங்கள் சமரசராக நியமிக்கப்பட்ட தேதி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.